நிழலில் மலரும் மெய்ப்பாடு

அசைவூட்டப் படம் என்றவுடன் பலரும் 1937ஆம் ஆண்டின் 'ஸ்னோ ஒயிட்'டையே நினைவுகூர்வர். அதற்கும் முன்னரே, 1926இல், ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி 'இளவரசர் அகமதின் சாகசங்கள்' என்னும் படத்தை வெளியிட்டார். இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் இதுவே மிகப் பழமையானது.

கருந்தாளையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, அவர் உருவங்களைச் சமைத்தார். கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியின்மேல் அவற்றைக் கிடத்தி, சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்தார். இப்பணி ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீண்டது.

உள்ளத்து உணர்வு உடல்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பார் தொல்காப்பியர். இந்நிழலுருவங்களின் முகங்கள் இருண்டவை. முகக்குறிப்பைக் காட்ட இயலாதவை. ஆயினும் தன் இறகாடையை இழந்த பரீபானுவின் அச்சத்தை உடலின் வளைவே உணர்த்திவிடுகிறது. சொல்லாது விட்டதைக் காண்போர் உள்ளம் நிரப்பிக்கொள்கிறது. நல்ல கவிதையும் இதனையே செய்கிறது அன்றோ?

கதையின் வேரையும் அறிதல் வேண்டும். இது 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளைத் தழுவியது. எனினும் அகமது – பரீபானு கதையும் அலாவுதீன் கதையும் பழைய அரபுச் சுவடிகளில் காணப்படாதவை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு அறிஞர் கலான் தம் நூலில் சேர்த்தவை. ஏடெழுதியவர் பெயர் நிலைத்தது; வாய்மொழியாகச் சொன்னவர் பெயரோ நெடுங்காலம் மறைந்து கிடந்தது. எழுத்தைப் போற்றும் நாம் கதைசொல்லியின் கொடையையும் மறத்தலாகாது.

இப்படத்தில் ஒரு நெருடலும் உண்டு. தீயவனாகிய ஆப்பிரிக்க மந்திரவாதி கோரமாக வரையப்பட்டுள்ளான். அயல்நிலத்தாரை அச்சத்தோடு நோக்கிய ஐரோப்பியப் பார்வையின் சாயல் அதில் படிந்துள்ளது. ஆனால் அதே படத்தில் எரிமலைச் சூனியக்காரியும் விகாரத் தோற்றமுடையவளே. அவளோ அகமதுக்குத் துணைநிற்கிறாள். பல்வேறு உயிரினங்களாக உருமாறிப் போரிட்டு, மந்திரவாதியை வெல்பவளும் அவளே.

தோற்றத்தைக் கொண்டு ஒருவரின் குணத்தை அளத்தல் தகாது என்பதற்கு இப்படத்தின் உள்ளேயே சான்று கிடைக்கிறது. ஒரு கலைப்படைப்பின் அழகில் தோய்வதும் அதன் குறையை உணர்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இவ்விரண்டும் சேர்ந்ததே திறனாய்வு. மாணவர்கள் பயில வேண்டிய பார்வையும் அதுவே.