நாற்பதை நெருங்கும்போது நர்ஸிங் படிக்க

கலிஃபோர்னியாவுக்கு வந்து குழந்தைகளை வளர்த்து முடித்து, "இனிமேல் எங்கே படிக்கிறது?" என்று கேட்கும் நம் ஊர்ப் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். நானும் கேட்டவள்தான். எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, 38 வயதில் நர்ஸிங்குக்காகக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். இந்த மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் உண்டு. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர்தான்.

காலேஜைத் தேடுவதற்கு முன்னால், நீங்கள் போக விரும்பும் வேலைக்கு என்ன லைசென்ஸ் வேண்டும் என்று பாருங்கள். ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆவதற்கு, அங்கீகாரம் பெற்ற அசோசியேட் டிகிரியை முடித்து என்க்ளெக்ஸ் தேர்வில் தேறினால் போதும். அந்தப் படிப்பு இரண்டு வருஷம் என்பார்கள். ஆனால் அதில் சேரவே அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம் என்று ப்ரீரெக்விசிட் பாடங்கள் வரிசையாக நிற்கும். அனாட்டமிக்கு முன்னால் இன்னொரு பயாலஜி கேட்கும் காலேஜும் உண்டு. எல்லாம் சேர்த்து நாலு வருஷம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பின்னால் மனசு உடையாது.

ஊர் டிகிரியை இங்கே மதிப்பீடு செய்ய அதன் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும், அதற்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையைத்தான் கேட்கும். அண்ணன் நாலு தடவை அலைந்து வாங்கி அனுப்பிய உறையை, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆவலில் நான் கிழித்துவிட்டேன். அந்தக் காகிதம் செல்லாது என்றார்கள். மறுபடி ஐந்து மாதம் காத்திருந்தேன். உறையைப் பிரிக்காதீர்கள்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் அரசு உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்புங்கள். ஏற்கெனவே டிகிரி வாங்கியவர்களுக்குப் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை கிடைக்காது, இந்தியாவில் வாங்கிய டிகிரிக்கும் இதே கதிதான். ஆனாலும் நிரப்புங்கள், வருமானம் குறைவாக இருந்தால் கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் மூலம் யூனிட் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும்.

பிறகு கவுன்சலரைப் பார்த்து, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று எழுதி வாங்குங்கள். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் கூட்டம் அலைமோதும். செமஸ்டர் நடுவில் போனால் நிதானமாகப் பேசுவார்கள்.

முதல் செமஸ்டரில் ஒரே ஒரு அறிவியல் பாடம் எடுங்கள், இரண்டு வேண்டாம். இங்கே டி, எஃப் வாங்கினால் பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். சி வாங்கிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மறுபடி படிக்க முடியாது. நர்ஸிங்கில் இடம் கிடைப்பதோ பெரும்பாலும் இந்த மதிப்பெண்களை வைத்துத்தான். அவசரப்பட்டு வாங்கிய சி கடைசிவரை கூடவே வரும்.

அனாட்டமி லேப் தேர்வில் மேசை மேசையாக எலும்புகளை வைத்து, ஏதாவது ஒரு இடத்தில் சின்னக் கொடி ஒட்டியிருப்பார்கள். ஒரு நிமிஷத்துக்குள் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும். படத்தை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் அங்கே திணறுவார்கள். லேப் திறந்திருக்கும் நேரத்தில் போய், எலும்பைக் கையில் எடுத்து, வலதா இடதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். வீட்டில் பையன் அட்டையைத் தூக்கிக் காட்டி "இது என்னம்மா?" என்பான், தோசையைத் திருப்பிக்கொண்டே "ஸ்கேஃபாய்ட்" என்பேன். அந்தக் கேள்வி பதிலில்தான் தேறினேன்.

ப்ரீரெக்விசிட் முடிகிற சமயத்தில் டீஸ் என்ற நர்ஸிங் நுழைவுத் தேர்வை எழுதுங்கள். 62 சதவீதம் வேண்டும். சில காலேஜ்கள் புள்ளி போட்டு எடுக்கின்றன, சில குலுக்கல் போடுகின்றன. அதனால் வண்டியில் போய்வரக்கூடிய மூன்று நான்கு காலேஜ்களுக்காவது விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத் தேதி வேறு. நான் விண்ணப்பித்த நான்கு காலேஜ்களின் தேதிகளையும் அரிசி டப்பாவுக்கு மேலே, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.