டி செல்லுக்கு ஒரு சிசிடிவி

"ஏ.எல்.எல். குழந்தை, 6 வயசு, அடையாறு, பி பாசிட்டிவ் பிளேட்லெட் அவசரமா வேணும்." இந்த மாதிரி மெசேஜ் நம்ம கிளாஸ் குரூப்ல வராத மாசமே கிடையாது. போன செமஸ்டர்ல அப்படி ஒரு மெசேஜுக்கு நானும் போனேன். கையில ஊசியோட ஒரு மணி நேரத்துக்கும் மேல உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தை எனக்கே திருப்பி அனுப்பிச்சு. திரும்பி வரும்போது மயிலாப்பூர் பஸ்ல உட்கார்ந்து, ஏ.எல்.எல். என்றால் என்னன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் கடைசியில ஒரு மைக்ரோஸ்கோப்ல போய் முடிஞ்சது. அதுக்குப் பின்னாடி இருந்த ரெண்டு பேருமே இன்ஜினியரிங் பேராசிரியர்கள்!

நான் படிச்சதை உங்களோட பகிர்ந்துக்கத்தான் இந்தக் கட்டுரை. பயாலஜியை பன்னிரண்டாம் வகுப்போட விட்டவங்களும் தைரியமா படிக்கலாம்.

முதல்ல நோய்

ஏ.எல்.எல். என்பது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதிலும் ஏ.எல்.எல். தான் முதலிடம். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடே இல்லாம பெருகி, மற்ற அணுக்கள் உருவாக இடமில்லாம பண்ணிடும். பிளேட்லெட் குறையறதுக்கு அது ஒரு காரணம். நோய்க்குக் கொடுக்கிற கீமோதெரபி இன்னொரு காரணம்.

இந்த நோயோட அடையாறு ரொம்ப காலமா மோதிக்கிட்டு இருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-ல் 12 படுக்கைகளோட ஆரம்பிச்சது. 1960-லேயே குழந்தைகளுக்குன்னு தனிப் பிரிவு வந்தாச்சு. 1984-ல் மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ், அடையாறு மூணும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோட சேர்ந்து, எம்சிபி-841 என்ற பொதுவான சிகிச்சை முறையைக் கொண்டு வந்தாங்க. நம்ம நாட்டுல ஏ.எல்.எல். குழந்தைகள் பிழைக்கிற விகிதம் நல்லா ஏறினதுக்கு அது முக்கியமான படி.

இன்னைக்கு வசதியான நாடுகள்ல 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் பிழைக்கிறாங்க. பிரச்சினை, போன நோய் திரும்பி வரும்போதுதான்.

கார்-டி: உயிருள்ள மருந்து

நம்ம உடம்புல டி செல் என்ற வெள்ளை அணு இருக்கு. அதுல ஒரு வகை, கெட்டுப்போன செல்லைத் தொட்டுப் பார்த்து, பெர்ஃபோரின் என்ற புரதத்தால ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே தள்ளிக் கொல்லும். ஆனா புற்றுநோய் செல் நம்ம உடம்போட சொந்த செல்லாச்சே! பல நேரம் டி செல்லுக்கு அதை அடையாளம் தெரியறதில்லை.

கார்-டி சிகிச்சையில் நோயாளியோட டி செல்லையே வெளியே எடுத்து, அதுக்குள்ள ஒரு புது ஜீனைச் செருகறாங்க. அதுக்கப்புறம் அந்த செல், சிடி19 என்ற அடையாளம் இருக்கிற செல் எதுவா இருந்தாலும் பிடிச்சுக்கும். பெரும்பாலான ஏ.எல்.எல். செல்களோட மேற்பரப்புல சிடி19 உண்டு.

2012-ல் பிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயசுச் சிறுமி இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை ஆனாள். நோய் போயிடுச்சு. 2017 ஆகஸ்ட்ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைச்சது. அது 15 வயசும் அதுக்கு மேலும் உள்ளவங்களுக்கு.

இப்போ ஒரு எண்ணைக் கவனிங்க. 75 குழந்தைகளும் இளைஞர்களும் கார்-டி பெற்ற ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. 3 மாசத்துக்குள்ள 81 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிடுச்சு. ஆனா 12 மாசம் கழிச்சு, நோய் திரும்பாம இருந்தவங்க சுமார் 50 சதவீதம்தான்.

ஏன் பாதிப் பேருக்கு மட்டும்? சில குழந்தைகளுக்குப் புற்றுநோய் செல் சிடி19-ஐயே கழட்டிப் போட்டுட்டு ஒளிஞ்சுக்குது. சிலருக்கு டி செல்கள் சீக்கிரமே சோர்ந்து காணாம போயிடுது. மாத்திரைன்னா எல்லா அட்டையிலும் ஒரே மருந்துதான். ஆனா கார்-டி ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் குழந்தையோட செல்லிலிருந்து தனியா தயாராகுது. ஒவ்வொரு பையும் வேற. பைக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லும் வேற. அப்போ ஒரு பை நல்ல பையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

புராஜெக்ட் டீம் கணக்கு

வழக்கமான டெஸ்ட் இதுதான்: டி செல்லையும் புற்றுநோய் செல்லையும் ஒரு குழியில கலக்கணும். சில மணி நேரம் கழிச்சு எத்தனை செத்திருக்குன்னு பார்க்கணும். ஒரே ஒரு எண் கிடைக்கும்.

100 டி செல், 100 புற்றுநோய் செல் போட்டோம், 50 செத்துச்சுன்னு வெச்சுக்கோங்க. 50 டி செல்கள் ஆளுக்கு ஒண்ணைக் கொன்னிருக்கலாம். இல்லைன்னா 10 செல்கள் மட்டும் ஆளுக்கு 5 கொன்னு, மிச்சம் 90 சும்மா நின்னு வேடிக்கை பார்த்திருக்கலாம். நாலு பேர் புராஜெக்ட் டீம்ல ஒருத்தனே கோடு முழுக்க எழுதி, நாலு பேருக்கும் ஒரே மார்க் வர்ற கதைதான்! மார்க் ஷீட்டைப் பார்த்து யார் வேலை செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்க முடியாது. கூடவே உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

அப்படிக் கூட உட்கார்ந்து பார்க்கிறதுதான் லைவ் இமேஜிங். ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. ஒரு வெள்ளை அணு குட்டி பாக்டீரியாவைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிற கறுப்பு வெள்ளை வீடியோவை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அது 1950-களில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்தது. ஒரு செல்லைப் படம் எடுக்கலாம், சரி. ஆயிரக்கணக்கான செல்லை எப்படி?

ரங்கநாதன் தெரு பிரச்சினை

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, தி.நகர் ரங்கநாதன் தெரு. மாடியில நின்னு 5 நிமிஷத்துக்கு ஒரு போட்டோ எடுக்கறீங்க. முதல் போட்டோவுல இருக்கிற பச்சைச் சட்டைக்காரர் அடுத்த போட்டோவுல எங்கே? பச்சைச் சட்டையில பத்து பேர் இருக்காங்களே!

செல்களைப் பின்தொடரும்போதும் இதே தலைவலிதான். அடிக்கடி போட்டோ எடுத்தா தீர்ந்துடுமேன்னு தோணும். ஆனா ஃப்ளோரசன்ஸ் படத்துக்கு அடிக்கிற வெளிச்சமே செல்லைப் பாதிக்கும், சாயமும் மங்கிப் போகும். சாம்ப்ளிங் ரேட்டை ஏத்தினா சாம்பிளே செத்துப் போகும். குறைச்சா ஆளைத் தவற விட்டுடுவோம்.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர் நவீன் வரதராஜனும், எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர் பத்ரிநாத் ராய்சமும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ராய்சம் 1984-ல் நம்ம ஐஐடி மெட்ராஸ்ல எலக்ட்ரானிக்ஸ் பி.டெக். முடிச்சவர். அவங்க முறையோட பேரே டைமிங்.

கூட்டத்துக்குள்ள ஆளைத் தேடறதுக்குப் பதிலா, கூட்டத்தையே சின்னச் சின்ன அறைகளா பிரிச்சுட்டாங்க. சிலிகான் ரப்பர் மாதிரியான பொருளில் ஆயிரக்கணக்கான குட்டிக் குழிகள். ஒவ்வொண்ணும் நீளம், அகலம், ஆழம் எல்லாமே 50 மைக்ரோமீட்டர் அளவு. கணக்குப் போட்டா கொள்ளளவு 125 பிகோலிட்டர்! ஒரு குழியில ஒண்ணு ரெண்டு டி செல், சில புற்றுநோய் செல். யாரும் வெளியே போக முடியாது. டி செல்லுக்குப் பச்சைச் சாயம், புற்றுநோய் செல்லுக்குச் சிவப்பு. சாகும் செல்லில் மட்டும் ஒட்டிக்கிற அனெக்சின் மூணாவது நிறம். 37 டிகிரி வெப்பத்துல வெச்சு, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துக்கிட்டே இருக்கணும்.

இனிமேதான் நம்ம வேலை. உதாரணத்துக்கு 5 நிமிஷத்துக்கு ஒரு ஃப்ரேம், 12 மணி நேரம்னா 144 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 4 சேனல்னா குழிக்கு 576 படம். 5,000 குழிக்கு 28.8 லட்சம் படம். ஒரு படத்துக்கு ஒரு வினாடி ஒதுக்கினாக்கூட, தூங்காம 33 நாள் பார்க்கணும். அதனால சாஃப்ட்வேர் மூணு வேலை செய்யுது:

1. பிரித்தல்: எந்த பிக்சல் எந்த செல்லோடது? ஒட்டிக்கிட்டு நிக்கிற ரெண்டு செல்லுக்கு நடுவுல எல்லைக் கோடு எங்கே?
2. தொடர்தல்: இந்த ஃப்ரேம்ல இருக்கிற செல், அடுத்த ஃப்ரேம்ல எது? இடம், அளவு எவ்வளவு மாறியிருக்குன்னு செலவு மேட்ரிக்ஸ் போட்டு, மொத்தச் செலவு குறைவா வர்ற ஜோடிகளைத் தேர்ந்தெடுக்கணும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்ல படிச்ச அசைன்மென்ட் பிராப்ளம் ஞாபகம் வருதா? அடிப்படை அதேதான்.
3. அளத்தல்: எவ்வளவு வேகமா நகர்ந்துச்சு? எப்போ தொட்டுச்சு? எவ்வளவு நேரம் ஒட்டியிருந்துச்சு? எத்தனை கொன்னுச்சு?

படத்துல என்ன தெரிஞ்சது?

2015-ல் இந்த முறையில் சிடி19 கார்-டி செல்களைப் பார்த்தாங்க. சிடி4 வகை டி செல் உதவி ஆள், சிடி8 வகைதான் கொல்ற ஆள்னு பாடப் புத்தகம் சொல்லும். ஆனா கார் பொருத்தின சிடி4 செல்லும் ஒண்ணுக்கு மேல புற்றுநோய் செல்களைக் கொல்றது படத்துல தெரிஞ்சது. கொலையை ஆரம்பிக்கத்தான் கொஞ்சம் லேட். உள்ளே இருக்கிற கிரான்சைம் அளவு அதுக்கு முக்கியக் காரணம். நல்லா ஓடியாடுற செல்கள் பல கொலை செய்யறதுல கெட்டியா இருந்துச்சு.

2024-ல் அதே குழு, லிம்ஃபோமா வந்த பெரியவங்களுக்குக் கொடுத்த கார்-டி பைகளை ஆராய்ந்தது. சிகிச்சை நல்லா பலிச்சவங்களோட பையில், நகரும் திறனும் அடுத்தடுத்துக் கொல்லும் திறனும் உள்ள ஒரு வகை சிடி8 செல் தனியா தெரிஞ்சது. ஆக, ஒரு பை நல்ல பையான்னு சொல்ல, அதுல எத்தனை செல் இருக்குன்னு எண்ணினா மட்டும் பத்தாது. அது எப்படி நடந்துக்குதுன்னும் பார்க்கணும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிரின்சஸ் மாக்சிமா என்ற குழந்தைகள் புற்றுநோய் மையம் இருக்கு. அங்கே ஆன் ரியோஸ் குழு 2022-ல் வெளியிட்ட பிஹேவ்3டி முறை, குழிக்குப் பதிலா ஆர்கனாய்டைப் பயன்படுத்துது. ஆர்கனாய்டுன்னா நோயாளியோட கட்டியிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குட்டி முப்பரிமாணக் கட்டி. மார்பகப் புற்றுநோய் ஆர்கனாய்டுகளை வெச்சு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டி செல்களைப் பின்தொடர்ந்தாங்க. விடாம ஒட்டி, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுக்குப் போற ஒரு சின்னக் கூட்டத்துக்கு சூப்பர் என்கேஜர்னு பேர் வெச்சாங்க. மூளை, நரம்புக் கட்டி போன்ற திடக் கட்டிகள்ல கார்-டி இன்னும் ரத்தப் புற்றுநோய் அளவுக்கு ஜெயிக்கல. அதனால குழந்தைகள் மருத்துவத்துக்கு இந்த வழி முக்கியம்.

ஒண்ணை நேர்மையா சொல்லிடணும். வீடியோவைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்கு இந்தப் பை"ன்னு டாக்டர் தேர்ந்தெடுக்கிற காலம் இன்னும் வரல. இப்போதைக்கு இது ஆய்வகக் கருவிதான். அதை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போக வேகமான, மலிவான, தப்புப் பண்ணாத இமேஜ் அனாலிசிஸ் வேணும்.

நாம எங்கே தொடங்கலாம்?

லேப்டாப் போதும். ஃபிஜி என்ற இலவச சாஃப்ட்வேரில் ட்ராக்மேட் இருக்கு, செல்லைப் பின்தொடரும். செல்போஸ் செல்லைப் பிரிச்சுக் கொடுக்கும். செல் ட்ராக்கிங் சேலஞ்ச் என்ற தளத்தில் சரியான விடையோட வீடியோக்கள் இலவசமா கிடைக்கும். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் செய்யலாம்னு இருக்கிறவங்க, ஒரு வீடியோவை இறக்கி, ரெண்டு செல் ஒட்டிப் பிரியற இடத்துல உங்க கோடு தடுமாறுதான்னு பாருங்க. கண்டிப்பா தடுமாறும். அங்கதான் புராஜெக்ட் ஆரம்பிக்குது.

சர்தார் படேல் ரோட்டில் ஐஐடி கேட்டுக்கும் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்தே போயிடலாம். அந்தத் தூரத்தை நம்மள்ல யாராவது கடக்கிற வரைக்கும், அடுத்த பிளேட்லெட் மெசேஜ் வந்தா ஃபார்வர்ட் மட்டும் பண்ணாம நேர்ல போங்க. 18 வயசு ஆகியிருக்கணும், எடை 50 கிலோவுக்கு மேல இருக்கணும், கடைசி 3 நாள்ல ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. போறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க.