சிறு கடல்நீர்த் தொட்டியும் நீர்க் கணக்கும்

வீட்டில் வைக்கும் கடல்நீர்த் தொட்டி சிறிதாக இருந்தால் பராமரிப்பதும் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆயிரம் லிட்டர் நீரில் ஒரு மீன் இறந்து அழுகினால் தொட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். அறுபது லிட்டரிலோ அந்த ஓர் இறப்பே எஞ்சிய மீன்களையும் ஓரிரவில் மாய்த்துவிடக்கூடும். இருப்புக் குறைந்த கருவூலத்தில் வரவு செலவை அடிக்கடி சரிபார்க்க நேர்வதைப் போன்றதே இது.

மடிந்த மீனுக்குப் பதிலாக மற்றொன்று வாங்கப்படுகிறது. அந்தத் தேவையைப் பெரும்பாலும் பவளத் திட்டுகளே ஈடுசெய்கின்றன. 1998இல் கடல்நீர் வெப்பமுற்று லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆதலால் நம் இல்லங்களுக்கு உகந்தது, செயற்கைப் பாறையும் பொரிப்பகத்தில் வளர்ந்த மீனும் கொண்ட தொட்டியே. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 60 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாவதாகக் கொள்வோம். மூன்று நாள் கவனியாதிருந்தால் உப்பளவு 37ஐ நெருங்கும். குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றுவோரும் உளர். அவர்கள் நாள்தோறும் 35 கிராம் உப்பைக் கூட்டுவதால் ஒரே வாரத்தில் அது 39ஐத் தாண்டிவிடும். ஊற்ற வேண்டியது நன்னீரே. அதிலும் குழாய்நீரின் குளோரினும் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையும் நீக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

புதிய தொட்டியில் முதல் சில வாரங்கள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒன்றுவிட்டு ஒரு நாள் சோதித்து, அவை தோன்றி மறைந்த பின்னரே மீன் விடுதல் வேண்டும். பின்னர் எஞ்சுவது நைட்ரேட். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதாகவும், உணவின் வழியே வாரத்திற்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரேட் சேர்வதாகவும் வைத்துக்கொண்டால், பாசி முதலியன உட்கொள்வதைக் கணக்கில் சேர்க்காதபோது, அதன் அளவு 20ஐ எட்டி அங்கேயே நிலைகொள்ளும். உணவைப் பாதியாக்கினால் அது பத்தில் நிற்கும். கடையில் விற்கும் நைட்ரேட் நீக்கிகளைத் தேடி அலைவதைவிட இது மலிவான வழி.

அதிகம் புறக்கணிக்கப்படுவது காரத்தன்மைச் சோதனை. இது பி.எச். அளவினின்று வேறானது, அமிலத்தை ஏற்றுச் சமன்செய்யும் நீரின் ஆற்றலைக் குறிப்பது. நத்தை ஓடும், பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியும் நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டை எடுத்துக்கொள்கின்றன. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் ஏறத்தாழ 410 மில்லிகிராம். காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், 120 மில்லிகிராம் அளவே. லிட்டருக்கு 50 மில்லிகிராம் கார்பனேட் ஓடாகப் படிந்தால் கால்சியம் 390 ஆகும். இந்த மாற்றம் சொட்டு எண்ணும் சோதனையில் எளிதில் புலப்படாது. காரத்தன்மையோ 70க்கு இறங்கிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களும் இதே இருப்பையே கரைக்கின்றன. ஆகவே கால்சியத்தை மாதமொரு முறை பார்த்தாலும் காரத்தன்மையை வாரம் இருமுறை பார்த்தல் நன்று.

குறைவை ஒரே நாளில் சரிக்கட்டுவது மீன்களுக்கு நல்லதன்று. 60 லிட்டர் நீரின் காரத்தன்மையை 25 மில்லிகிராம் உயர்த்தச் சுமார் 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். அதனை நன்னீரில் கரைத்து, நீரோட்டம் மிகுந்த இடத்தில் மெல்ல ஊற்றுதல் வேண்டும். அதற்கு மேற்பட்ட குறைவை அடுத்தடுத்த நாட்களில் ஈடுசெய்யலாம்.

இவ்வளவுகளைக் குறித்துவைக்க ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும். விளக்கொளியில் பாசி கரியமில வாயுவை உட்கொள்வதால் பி.எச். பகலில் ஏறி இரவில் இறங்கும். காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டு வீணே கலங்குவோர் பலர். எனவே சோதனை நேரம் மாறாதிருத்தல் நலம். முந்தைய வரிசைக்குப் பொருந்தாத எண் வந்தால், எதையும் ஊற்றுமுன் சோதனைக் குழாயைக் கழுவி, மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்து, மறுமுறை சோதிக்க வேண்டும்.