ஒலி தடைபடும் இடம்

நுழையும்முன்

ஒருவர் குரலைத் தெருக்கோடி வரை கொண்டுசேர்ப்பது பெருக்கி. அது பழுதுபட்டால் விழா தடைபடும். பேரிடர்க் காலத்திலோ உயிர்களுக்கே இடர் நேரும். பழுதின் காரணத்தை முறையாக ஆராய்ந்தறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

கரையோரத்தில் ஒலித்த குரல்

2004 டிசம்பர் 26 அன்று வங்கக் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊருக்கு, சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அச்செய்தி ஊரெங்கும் அறிவிக்கப்பட்டது. 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் கரையைவிட்டு அகன்று உயிர் பிழைத்தனர். அந்த வேளையில் ஒலிபெருக்கி பழுதுபட்டிருந்தால், தொலைபேசியில் வந்த எச்சரிக்கை ஓர் அறைக்குள்ளேயே முடங்கியிருக்கும்.

ஒலி செல்லும் வழி

ஒலிவாங்கி, ஒலியை மின்னலையாக மாற்றுகிறது. அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். பெருக்கி அதனைப் பல்லாயிரம் மடங்கு வலுப்படுத்துகிறது. ஒலிபெருக்கி அம்மின்னலையை மீண்டும் ஒலியாக்குகிறது. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மும்முனை வெற்றிடக் குழல் இப்பெருக்கத்திற்கு வழிகோலியது. 1947-இல் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர், கருவியின் அளவைச் சிறிதாக்கியது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. கருவிக்கும் இந்நெறி பொருந்தும். ஒலி வராதபோது முதலில் மின்சாரம், இணைப்புக் கம்பி, நிலைமாற்றி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை சரியாக இருப்பின், ஒலிவாங்கியை நீக்கிவிட்டுக் கைப்பேசியின் பாடலை அதற்குரிய உள்ளீட்டில் இணைக்கலாம். பாடல் ஒலித்தால் பழுது ஒலிவாங்கியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. ஒலிக்காவிட்டால், கருவியை நிறுத்திவிட்டு, நல்ல நிலையிலுள்ள வேறோர் ஒலிபெருக்கியை மாற்றிப் பார்க்கலாம். இவ்வாறு தேடும் எல்லை படிப்படியாகச் சுருங்கும்.

குறியும் காரணமும்

இரைச்சல் கேட்டால் ஒலியளவுத் திருகை முற்றிலும் குறைக்க வேண்டும். அப்போது இரைச்சல் அடங்கினால், ஒலிவாங்கிக் கம்பியின் காப்புறை அறுந்திருக்கலாம். தரையிணைப்பிலும் குறை இருக்கலாம். இரைச்சல் நீடித்தால், மின்வழங்கிப் பகுதியின் மின்தேக்கி வலுவிழந்திருக்க வாய்ப்புண்டு. திருகைச் சுழற்றும்போது மட்டும் கரகரப்பு எழுந்தால் அதனுள் தூசி படிந்துள்ளது. பெட்டியை மெல்லத் தட்டும்போது எழுந்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்துள்ளது.

ஒலியை மிகுதியாக வைக்கும்போது மட்டும் குரல் சிதைந்தால், பெருக்கி தன் ஆற்றல் எல்லையைக் கடந்துவிட்டது என்பது பொருள். ஊளைச்சத்தம் எழுவதோ கருவியின் பழுதன்று. ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து பெருகுவதே அதற்குக் காரணம். ஒலிபெருக்கிகளுக்குப் பின்புறமாக ஒலிவாங்கியை வைத்தால் அது அடங்கும்.

சுமையின் கணக்கு

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளைப் போன்ற நீண்ட வீதிகளில் கூம்பு ஒலிபெருக்கிகள் பலவற்றை ஒரே தடத்தில் இணைக்க, 100 வோல்ட் முறை ஏற்றது. இதில் ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு சிறு மின்மாற்றி உண்டு. கூம்புகளின் மொத்த ஆற்றல் பெருக்கியின் ஆற்றலை மிஞ்சக்கூடாது. 100 வாட் பெருக்கியில் 15 வாட் கூம்புகள் ஆறினை இணைத்தால் சுமை 90 வாட். ஏழாவதைச் சேர்த்தால் 105 வாட். கூட்டம் மிகுந்தது என்று கூம்புகளை மேலும் மேலும் சேர்த்தால் பெருக்கி சூடேறும். இறுதியில் நான்கு வீதிகளும் ஒருசேர ஒலியிழக்கும்.

செய்யக்கூடாதவை

உருகுகம்பி அறுந்தால் அதே அளவுடையதையே பொருத்த வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதாகும். புதியதும் உடனே அறுந்தால் உள்ளே குறுக்குச் சுற்று உள்ளது என அறியலாம். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே பெட்டியைத் திறக்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

தேவைக்கு முன்னரே

கடலூர்க் கரையில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை விரைவில் அரிக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. பல ஊர்கள் பல நாள்கள் இருளில் மூழ்கின. அத்தகைய நாளில் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் பெருக்கியே ஊரின் குரலாகும். எனவே மின்கலத்தை மின்னேற்றி வைத்தல், முனைகளைத் துடைத்தல், மாதம் ஒருமுறை இயக்கிப் பார்த்தல் ஆகியவை மழைக்காலத்திற்கு முன்பே செய்யத்தக்கவை. புயல் வரும் இரவில் பழுதைத் தேட நேரம் இராது.

கற்பவை கற்றபின்

பள்ளியின் ஒலிபெருக்கி அமைப்பில் ஒலி செல்லும் வழியைப் படமாக வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் நேரக்கூடிய பழுதினையும் அதன் குறியினையும் எழுதுக.