பிரெட் காய்ந்தால்தான் ஸ்டஃபிங் தேறும்

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வீட்டில் செய்யும் ஸ்டஃபிங் இரண்டு விதமாகக் கெடும். கரண்டியில் எடுத்தால் கூழாக வழியும். அல்லது மேலே மொறுமொறுவென்று இருந்து, நடுவில் மாவுக்கட்டியாக நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், பிரெட் சரியாகக் காயவில்லை. சேஜ் இலை எவ்வளவு போடுவது, எந்தக் கடை ஸ்டாக் வாங்குவது என்றெல்லாம் மணிக்கணக்கில் விசாரிப்பவர்கள், "பிரெட்டை நேற்றே வாங்கி வைத்துவிட்டேன், பழசாகியிருக்கும்" என்று அந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்காகத்தான்.

முதலில் கணக்கு. எட்டுப் பத்துப் பேருக்கு, 9-க்கு 13 அங்குல ஓவன் பாத்திரம் நிறைய வேண்டுமென்றால்: பிரெட் 450 கிராம், வெண்ணெய் ஒரு ஸ்டிக், அதாவது சுமார் 115 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு நான்கைந்து, ஸ்டாக் இரண்டரைக் கப், முட்டை இரண்டு. மூலிகைக்குப் பொடியாக நறுக்கிய பச்சை சேஜ் இரண்டு மேசைக்கரண்டி, தைம் ஒரு தேக்கரண்டி, ஒரு கைப்பிடி பார்ஸ்லி. உப்புக் குறைந்த ஸ்டாக்கைத்தான் வாங்க வேண்டும். பிரெட்டிலும் உப்பு இருக்கிறது, வெண்ணெயிலும் இருக்கலாம். ஸ்டாக்கும் கரித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பிரெட்டில் எதை வாங்குவது? மெல்லிய தோல் உள்ள இத்தாலியன் லோஃப், அல்லது கெட்டியான வெள்ளை சாண்ட்விச் பிரெட். சவர்டோவுக்கு ரசிகர்கள் அதிகம். அதன் தடித்த ஓடு ஸ்டாக்கில் ஊறித் தோல்போல இழுப்பதால் நான் சேர்ப்பதில்லை. இனிப்பு பன் எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கார்ன்பிரெட்டில் செய்வார்கள். அருமையாக இருக்கும், ஆனால் அது சீக்கிரம் பொடிந்துவிடுவதால் கிளறும் முறையே வேறு. முதல்முறை செய்பவர்கள் கோதுமை பிரெட்டிலேயே தொடங்குங்கள்.

இப்போது காய வைப்பது. பையில் கிடந்து பழசாகும் பிரெட் விறைப்பாவது பெரும்பாலும் ஈரம் வெளியேறுவதால் அல்ல. அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகுவதால். ஈரம் உள்ளேயேதான் இருக்கிறது. பழைய பிரெட்டைச் சூடாக்கினால் சற்று நேரம் மெத்தென்று ஆகிவிடுவதும் அதனால்தான். அப்படிப்பட்ட துண்டில் ஸ்டாக்கை ஊற்றினால் உள்ளே போக இடமில்லை. வெளிப்பக்கம் நொசநொசவென்று கரையும், நடுப்பகுதி கட்டியாக நிற்கும். நமக்கு வேண்டியது ஈரமே இல்லாத பிரெட். அதை ஓவனில்தான் வரவழைக்க முடியும்.

பிரெட்டை முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கையால் பிய்த்தாலும் சரி, அளவு மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பேக்கிங் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 135 செல்சியஸில், முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கிளறி, மேல்தட்டைக் கீழும் கீழ்த்தட்டை மேலும் மாற்றுங்கள். சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். கூடாது. 400 டிகிரியில் வெளிப்பக்கம் சிவந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அது டோஸ்ட், ஸ்டஃபிங்குக்கு ஆகாது. நிறம் லேசாக மாறினால் போதும், மாறாவிட்டாலும் பரவாயில்லை.

ஆயிற்றா என்று பார்க்க, இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து உடையுங்கள். ரஸ்க் போல நடுவிலும் சடக்கென்று முறிய வேண்டும். விரலால் அமுக்கினால் துளி அமுங்கினாலும் இன்னும் பத்து நிமிடம். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நிச்சயம்: 450 கிராம் பிரெட் நன்றாகக் காய்ந்ததும் 300 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போயிருக்கிறது, அந்த இடத்தைத்தான் ஸ்டாக் வந்து நிரப்பப்போகிறது. தட்டிலேயே ஆறவிடுங்கள். சூடாக அள்ளி டப்பாவில் மூடினால் வேர்த்துப்போய், பட்ட பாடெல்லாம் வீண்.

துண்டின் அளவு சின்ன விஷயம் இல்லை. 1972-இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 'ஸ்டோவ் டாப்' என்ற உடனடி ஸ்டஃபிங் பெட்டியைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் அந்நிறுவனத்தின் மனையியல் வல்லுநர் ரூத் சீம்ஸ். 1975-இல் கிடைத்த காப்புரிமையின் மையமே காய்ந்த பிரெட் துகளின் அளவுதான். துகள் மிகச் சிறிதானால் தண்ணீர் பட்டதும் குழையும், பெரிதானால் ஊறாமல் கரகரக்கும். ஐந்து நிமிடப் பெட்டிக்கே அவ்வளவு பார்த்தார்கள் என்றால், நாம் கத்தியைக் கொஞ்சம் கவனமாகப் பிடிப்பதில் தவறில்லை.

வெங்காயமும் செலரியும் எளிய வேலை. வெண்ணெயை உருக்கி, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, மசிய வேண்டும். செலரியின் உள் இலைகளை எறிய வேண்டாம், வாசனையே அதில்தான். சேஜையும் தைமையும் கடைசி ஒரு நிமிடம் வெண்ணெயில் போட்டுப் புரட்டுங்கள். பச்சை இலை கிடைக்காவிட்டால் பாஸ்டனில் 1867-இல் பிறந்த 'பெல்ஸ் சீசனிங்' பொடி ஒன்றரைத் தேக்கரண்டி போதும். உப்பு சேராத பொடி அது, சேஜோடு இஞ்சியும் மிளகும் இருக்கின்றன. கரம் மசாலாவுக்கும் பச்சை மிளகாய்க்கும் இங்கே வேலையில்லை. காரம் வேண்டுவோர் மிளகைக் கூட்டிக்கொள்ளட்டும்.

அடுத்து ஸ்டாக். இரண்டரைக் கப்பையும் ஒரே மூச்சில் ஊற்றுவதுதான் இரண்டாவது பெரிய தவறு. ஸ்டாக்கில் ஒன்றரைக் கப்பை மட்டும் வெதுவெதுப்பாக்குங்கள். அகலமான பாத்திரத்தில் பிரெட்டையும் வதக்கியதையும் பார்ஸ்லியையும் கலந்து, அந்த ஒன்றரைக் கப்பைச் சுற்றிலும் ஊற்றி, அடியிலிருந்து மேலாகக் கையால் புரட்டுங்கள். கரண்டியால் கிண்டினால் முனைகள் உடையும். பிறகு பத்து நிமிடம் தொடாதீர்கள். முதல் நிமிடத்தில் மேலே ஈரமாகத் தெரிவது பத்தாவது நிமிடத்தில் உள்ளே இறங்கியிருக்கும். அதுவரை காத்திருக்காமல் "போதும்" என்றோ "போதாது" என்றோ முடிவுகட்டுவதால்தான் பாதிப் பாத்திரங்கள் கெடுகின்றன. இந்த நேரத்தில் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டை சேர்ந்த பிறகு வாயில் வைக்க முடியாது. மீதி ஒரு கப் ஸ்டாக் ஆறியே இருக்கட்டும். அதில் முட்டைகளை அடித்துக் கலந்து, இரண்டு தவணையாக ஊற்றிப் புரட்டி, மறுபடி ஐந்து நிமிடம் விடுங்கள். சூடான ஸ்டாக்கில் முட்டையை உடைத்தால் திரிந்துவிடும்.

பதம் பார்ப்பது இப்படி: ஒரு துண்டைக் கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். நடுவில் வெள்ளையாகக் காய்ந்த புள்ளி தெரியக் கூடாது. பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் ஒரு கரண்டி ஈரம் கூடலாம், குளமாகத் தேங்கக் கூடாது. தேங்கினால் இன்னும் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஃபாயில் போடாமலே சுடுங்கள். காய்ந்த புள்ளி இருந்தால் கால் கப் ஸ்டாக் கூடுதல். எந்தச் செய்முறையில் எத்தனைக் கப் என்று அச்சிட்டிருந்தாலும், உங்கள் பிரெட் சொல்வதையே கேளுங்கள்.

ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், 175 செல்சியஸில் வைத்து, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் கலவையை அமுக்காமல் பரப்புங்கள். ஃபாயிலால் மூடி நாற்பது நிமிடம். ஃபாயிலை எடுத்து, மேலே இரண்டு கரண்டி வெண்ணெய் தூவி, ஓரம் பொன்னிறமாகும் வரை இன்னும் இருபத்தைந்து, முப்பது நிமிடம். நடுவில் வெப்பமானி செருகினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் காட்ட வேண்டும். ஒரே ஓவன் உள்ள வீட்டில் வான்கோழி வெந்துகொண்டிருக்கும்போதே மூடிய பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் தள்ளிவிடுங்கள். பறவையை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிடும்போது மேல்தட்டு காலியாகும், திறந்து சுடும் இரண்டாம் கட்டத்துக்கு அதுவே சரியான நேரம்.

பறவையின் வயிற்றுக்குள் அடைக்கலாமா என்று ஒவ்வொரு நவம்பரிலும் கேட்பார்கள். அடைக்காதீர்கள். உள்ளே வடியும் பச்சை இறைச்சிச் சாறு பிரெட்டில் ஊறுகிறது. ஆகவே அதன் நடுப்பகுதியும் அதே 165-ஐத் தொட்டாக வேண்டும். அது தொடுவதற்குள் நெஞ்சுக் கறி வறண்டு நாராகிவிடும். இறைச்சிச் சுவை வேண்டுமென்றால் வான்கோழித் தட்டில் வடிந்த சாற்றை ஃபாயில் எடுத்ததும் மேலே நாலு கரண்டி ஊற்றுங்கள்.

வயிற்றுக்குள் அடைக்காததில் இன்னொரு நன்மை உண்டு. அமெரிக்காவில் நம்மவர்கள் கூடும் தேங்க்ஸ்கிவிங் மேசையில் சைவக்காரர் ஒருவராவது இருப்பார், அவருக்குப் பெரும்பாலும் கிரான்பெரி சாஸும் மசித்த உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும். தனிப் பாத்திரத்தில், காய்கறி ஸ்டாக்கில் செய்தால் ஸ்டஃபிங் அவருடைய முதன்மை உணவாகிவிடும். பெட்டியில் வரும் காய்கறி ஸ்டாக் பல சமயம் காரட்டின் தித்திப்போடு இருக்கும். வெங்காயம், செலரி நுனிகள், ஒரு பிடி காளான் போட்டு முக்கால் மணி கொதிக்கவைத்து வடிகட்டுவதே மேல். வெந்த காளானை நறுக்கிக் கலவையிலேயே சேர்த்துவிடலாம். முட்டையும் ஆகாது என்றால் அதற்கு ஈடாக அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாக ஸ்டாக் சேருங்கள். துண்டுகள் ஒட்டாமல் உதிரியாக வரும், சுவை குறையாது.

பிரெட்டைத் திங்கள், செவ்வாயிலேயே காயவைத்து, ஆறியபின் காகிதப் பையில் வெளியில் வைத்துக்கொள்ளலாம். வதக்கலைப் புதன் இரவு முடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டையும் கலப்பது மட்டும் வியாழக்கிழமை, ஓவனில் வைக்கப்போகும் நேரத்தில்தான். மிஞ்சியதைப் பரிமாறிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் காலை மைக்ரோவேவ் வேண்டாம். தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு, தட்டையாக அமுக்கி, இருபுறமும் முறுகவிட்டு, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போடுங்கள்.