உப்புக் காற்றா, வெயிலா?

கேள்வி: எங்கள் வீடு சாந்தோமில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் பைகளில் கீரை வளர்க்கிறேன். சித்திரை, வைகாசியில் பாலக் இலை சிறுத்துத் தடித்துவிடுகிறது. கொத்தமல்லி முளைப்பதே அபூர்வம். முளைத்தாலும் சீக்கிரமே பூ வைத்துவிடுகிறது. அதே மண், அதே தண்ணீரில் தண்டுக்கீரை மட்டும் தளதளவென்று நிற்கிறது. எல்லாம் உப்புக் காற்றின் வேலை என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். ஊட்டியில் என் நாத்தனார் வீட்டிலோ பாலக் செழிக்கிறது, தண்டுக்கீரை எழும்புவதே இல்லை. ஏன் இப்படி?
- வாசகி, சாந்தோம்

பதில்: நாத்தனார் வீட்டையும் சேர்த்துக் கேட்டீர்களே, அதனால்தான் இது அருமையான கேள்வி. இங்கே தோற்கும் கீரை அங்கே ஜெயிக்கிறது, அங்கே தோற்பது இங்கே ஜெயிக்கிறது. இனி யாரும் கைராசியைக் காரணம் சொல்ல முடியாது.

முதலில் உப்புக் காற்றைப் பார்ப்போம். பாலக் என்பது பீட்ரூட்டின் நெருங்கிய உறவு. அந்தக் குடும்பத்தின் மூதாதை, ஐரோப்பியக் கடலோரங்களில் இன்றும் தானாக முளைக்கும் ஒரு காட்டுச் செடி. உப்பைத் தாங்குவது பாலக்கின் பரம்பரைக் குணம். இன்னொன்றையும் கவனியுங்கள். வைகாசியில் காலை நேரத்தில் பெரும்பாலும் நிலக்காற்றுதான்; கடற்காற்று நண்பகலை ஒட்டித்தான் உள்ளே வரும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில்தான் காற்று கடலிலிருந்து ஓயாமல் வருகிறது. அந்த மாதங்களில்தானே பாலக் நன்றாக வருகிறது! உப்பு தொல்லை தருவது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வழியாக வருவது. பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் மழைநீரோ நல்ல தண்ணீரோ தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிடுங்கள்.

உண்மைக் காரணம் வெப்பம். இலைக்குள் ரூபிஸ்கோ என்றொரு நொதி இருக்கிறது. நொதி என்றால் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் பாதையில் சேர்ப்பது ரூபிஸ்கோவின் வேலை. வெப்பம் ஏற ஏற, அது ஆள் மாறி ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி, சேர்த்த கரியையும் சக்தியையும் இழக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். போதாக்குறைக்கு, சென்னையில் மே மாத இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். பகலில் சம்பாதித்த சர்க்கரையில் கணிசமான பகுதியை இரவில் சுவாசித்தே செடி தீர்த்துவிடுகிறது. பாலக்கும் கொத்தமல்லியும் படும் பாடு இதுதான். கொத்தமல்லி கூடுதலாக ஒன்று செய்யும்: வெப்பம் மிஞ்சினால் இலையை விட்டுவிட்டு, அவசரமாகப் பூத்து விதை கட்டப் பார்க்கும்.

தண்டுக்கீரை தப்பிப்பது எப்படி? 1966-ல் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் கரும்பு இலையை ஆராய்ந்து, வேறொரு வழியை விளக்கினார்கள். கரியமில வாயுவை முதலில் நான்கு கரியணுக்கள் கொண்ட ஒரு அமிலமாக மாற்றி, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் செடி தள்ளுகிறது. அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றி எப்போதும் கரியமில வாயு நெருக்கியடித்து நிற்பதால், ஆக்சிஜனுக்கு இடமில்லை. இதை சி4 முறை என்கிறார்கள். நாம் சமைக்கும் கீரைகளில் இந்த வசதி பெற்றவை குறைவு. தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை, எல்லாமே சி4. பருப்புக்கீரையும் அப்படித்தான். நம் ஊர்க் கோடையில் சந்தைக்கு இவை குறையாமல் வருவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

ஆனால் இப்படித் தள்ளுவதற்குச் சக்தி செலவாகிறது. வெயிலும் வெப்பமும் இருந்தால் அது லாபம், குளிரில் வெறும் நஷ்டம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வைகாசியிலும் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். பாலக்கின் ரூபிஸ்கோ அங்கே அதிகம் தவறு செய்வதில்லை. தண்டுக்கீரைக்கோ விதை முளைக்கவே சூடு போதவில்லை.

விதை வாங்கும்போது ரகப் பெயரையும் பாருங்கள். 'கோ' என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாலக்கில் 'ஊட்டி 1' என்றே ஒரு ரகம் உண்டு; அது மலைக்கு ஏற்றது, அதை நாத்தனாருக்கு விட்டுவிடுங்கள். உங்கள் மாடிக்கு நான் சிபாரிசு செய்வது 'கோ 3' கிள்ளுக்கீரை. விதைத்து இருபது நாளில் கிள்ளத் தொடங்கி, மூன்று மாதம் வரை திரும்பத் திரும்பக் கிள்ளலாம். இதற்கு நிழல்வலை போடாதீர்கள், முழு வெயில் வேண்டும். கோடையில் கொத்தமல்லி வேண்டுமானால் அதற்கு மட்டும் வலை கட்டுங்கள். பாலக்கை ஐப்பசிக் கடைசியில் விதையுங்கள்.

மார்கழியில் தண்டுக்கீரை சின்னதாக இருக்கும்போதே பூத்தால் பயப்பட வேண்டாம். இந்த இனத்தில் பல வகைகள் பகல் நீளம் குறைந்தால் பூப்பவை. சென்னையில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம், மார்கழியில் 11 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்த வித்தியாசமே அவற்றுக்குப் போதும். அந்த மாதங்களில் தண்டு முற்றக் காத்திராமல், நெருக்கமாக விதைத்து, இருபத்தைந்தாம் நாளில் முளைக்கீரையாகவே பிடுங்கிவிடுங்கள்.