வாசித்தலும் பொருளுணர்தலும்

எழுத்தை ஓசையாக்குவது வாசிப்பிற்கு வாயிலேயன்றி வாசிப்பாகாது. எழுதியவன் கருத்தை உணர்வதே வாசிப்பாம். நம் மொழியில் இவ்வேற்றுமை எளிதிற் புலப்படுவதில்லை. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களையும் அறிந்த சிறுவன், பொருள் தெரியாத பாடத்தையும் தடையின்றி உரக்கப் படித்துவிடுவான். கேட்கும் ஆசிரியரும் அவன் கற்றுவிட்டான் என்றெண்ணி அடுத்த பாடத்திற்குச் செல்வர்.

பாட முடிவில் கேட்கும் வினாக்களும் இக்குறையைப் பலகால் வெளிப்படுத்துவதில்லை. "மிட்டன் பிலுவையைத் தெமுக்கினான்" என்று கரும்பலகையில் எழுதுவோம். இது பொருளற்ற கூற்று. ஆயினும், "மிட்டன் எதைத் தெமுக்கினான்?" என்று கேட்பின், "பிலுவையை" என்று வகுப்பு முழுவதும் விடை பகரும். வேற்றுமையுருபே விடையைக் காட்டிக் கொடுத்தது. அறிவுக்கு அங்கு வேலையில்லை.

இனி, "குயவன் சூளைக்குத் தீ மூட்டுமுன் வானத்தை அண்ணாந்து பார்த்தான்" என்னும் வாக்கியத்தை நோக்குக. "எதைப் பார்த்தான்?" என்பது முன்னைய வினாவின் இனமே. "ஏன் பார்த்தான்?" என்று கேட்டவுடன் பிள்ளை சிந்திக்கத் தொடங்குகின்றது. மழை என்னும் சொல் அவ்வாக்கியத்தில் இல்லை. அதைத் தன் அனுபவத்தினின்று அப்பிள்ளையே கொணர்தல் வேண்டும். சூளையைக் கண்டறியாத பட்டினத்துப் பிள்ளை விடை கூறாதிருப்பின் அது மந்தபுத்தியன்று. சூளையின் இயல்பை முன்னரே விளக்காதவர் குறையாகும்.

1986-ஆம் ஆண்டில் கவ், டன்மர் என்னும் அறிஞர் இருவர், எழுத்தறிந்து படிக்கும் ஆற்றல், மொழியை உணரும் ஆற்றல் என்னும் இரண்டின் பெருக்கற்பலனே வாசிப்புணர்வு என்றனர். ஒன்று சூனியமாயின் பலனும் சூனியமே. வீட்டில் "வந்துச்சு" என்று வழங்கும் பிள்ளை, ஏட்டில் "வந்தது" என்று காண்கின்றது. ஆகவே ஏட்டு நடை முதலில் செவிவழிப் புகுதல் வேண்டும். நாள்தோறும் ஆசிரியர் ஒரு கதையை வாசித்துக் காட்டுதல் இதற்கு நல்ல வழி.

எழுத்தைப் படிக்க வல்லவராயினும் பொருள் காண இடர்ப்பட்ட அமெரிக்க மாணாக்கர்க்குப் பாலிங்சர், பிரவுன் என்னும் இரு பெண்மணிகள் நான்கு பயிற்சிகளை அளித்து, அவற்றின் நற்பயனை 1984-இல் வெளியிட்டனர். அவை, படித்ததைச் சுருக்கிக் கூறல், அதன்மேல் வினா எழுப்பல், விளங்காததைத் தெளிதல், மேல்வருவதை ஊகித்தல் என்பன. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவர்; பின்னர் மாணாக்கரே மாறிமாறி ஆசிரியராவர். நம் ஆரம்ப வகுப்புகளில் இதற்குத் தனிக்கருவி யாதும் வேண்டா. ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடச்செய்து, "உன் சொற்களில் கூறு" என்பதும், "இனி என்ன நிகழும்?" என்பதும் போதிய தொடக்கமாம். விடை பிழையாயின் கடிந்து கொள்ளாது, "எந்த வரியைக் கொண்டு அவ்வாறு கூறினாய்?" என்று கேட்டு, மீண்டும் பாடத்தினிடத்தே செலுத்துக.

பொருளுணராது படித்துப் பழகிய பிள்ளை, மேல்வகுப்புகளில் விஞ்ஞானத்திலும் சரித்திரத்திலும் இடர்ப்படும். கணக்கு வரவில்லை என்று நாம் கருதும் பிள்ளைக்குச் சிலவேளைகளில் விளங்காதது கணக்கன்று, அதன் வினாவே. ஆதலின், இக்கல்லூரியினின்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளும் அன்பர்கள், பிள்ளைகளின் தெளிந்த குரலைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாது, "ஏன்?" என்னும் ஒரு வினாவையேனும் நாள்தோறும் வகுப்பிற்குக் கொண்டு செல்வாராக.